பனங்கட்டி விருது

போன கிழமை வவுனியாவில், குளிரூட்டி போட்ட மண்டபம் ஒன்றில், ஆசிரியர்களை ஊக்குவிப்பது எப்படி என்று ஒரு நாள் முழுக்க இருந்து கற்றுக்கொண்டேன். உண்மையில் அது பள்ளிக்கூட அதிபர்களுக்கான பட்டறை. எங்கள் அதிபருக்கு அன்றைக்கு ஊக்கம் இல்லை. அதனால் என்னை அனுப்பினார். கேள்விக்குப் பதில் சொன்னவர்களை நோக்கிப் பட்டறை நடத்திய வளவாளர் மினுங்கும் தாளில் சுற்றிய ரொபி இனிப்பு ஒன்றை எறிந்தார். நரை விழுந்த அதிபர்மார் எட்டிப் பிடித்தார்கள். "சின்னதாக இருந்தாலும் அங்கீகாரம்!" என்றார் அவர். அந்தக் குளிருக்குள் எனக்குத் திடீரென்று பனையோலை மணத்தது.

சொல்கிறேன். முள்ளியவளைப் பக்கம், தென்னங்காணி ஒன்றுக்குள், இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்காகப் போட்ட கொட்டில் பள்ளிக்கூடம். நான் அங்கே கணிதம் படிப்பித்த தொண்டர் ஆசிரியன். சம்பளம் கிடையாது என்பதைக் கௌரவமாகச் சொல்வதற்குத்தான் தொண்டர் என்ற சொல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். கரைவலை இழுக்கிற அப்பாவுக்கு மகன் 'சேர்' ஆகிவிட்டதே போதும். அம்மாதான் அடிக்கடி கேட்பா: "சேர் எண்டு கூப்பிடுறதை உலையில போடேலுமோடா?"

அந்தக் கொட்டில் பள்ளிக்கூடத்து அதிபர் தபால் மூலம் முகாமைத்துவம் படித்தவர். பாடங்களில் பாதி வந்து சேர்ந்ததும் சண்டையில் பாதை பூட்டிவிட்டது. எங்களுக்கு வாய்த்தது அந்த முதல் பாதி. சவர்க்காரம் கிடையாத நாட்களிலும் அவருடைய நீளக்கைச் சட்டை வெள்ளையாகத்தான் இருக்கும். பனங்காய்க் களியில் தோய்ப்பதால் நல்லொழுக்கத்தோடு லேசாகப் பனம்பழ வாசமும் அவரிடமிருந்து வரும். காலைப் பிரார்த்தனையில், "ஆசிரியர் ஒரு மெழுகுதிரி" என்று தொடங்குவார். கடைகளில் மெழுகுதிரியே இல்லாத காலம். அந்த உவமை எங்களுக்கு ஊக்கத்தைத் தரவில்லை, ஏக்கத்தைத்தான் தந்தது.

எங்களை உண்மையில் இழுத்துப் பிடித்திருந்தது பதினொரு மணித் தேத்தண்ணி. சீனி கனவில் வருகிற சாமான். ஆனால் பனை சீவுகிற தகப்பன் ஒருவர், பிள்ளையைப் படிப்பிக்கிறவர்களுக்கு என்று கிழமைக்கொரு பனங்கட்டிக் குட்டான் அனுப்புவார். குட்டான் என்றால் பாணியை வார்த்து இறுகவிடுகிற சின்ன ஓலைப்பெட்டி. மல்லிகா ரீச்சர் அதை உரித்து உடைத்து ஆளுக்கொரு துண்டு தருவார். கடித்துக் கடித்துக் குடிப்போம். அந்த நேரத்தில் யாரும் யாரையும் ஊக்குவித்ததாக நினைவில்லை.

அதுதான் அதிபரின் கண்ணில் குத்தியிருக்க வேண்டும். "எல்லாருக்கும் ஒரே அளவு குடுத்தா ஆர் முன்னேறுறது?" என்று கேட்டார். அந்த வெள்ளியிலிருந்து முழுக் குட்டானும் கிழமையின் சிறந்த ஆசிரியருக்கே. மற்றவர்களுக்கு வெறுந்தேத்தண்ணி.

ஊக்கம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. விஞ்ஞான சேரும் சமய ரீச்சரும் ஒருவரோடொருவர் கதைப்பதை நிறுத்தினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. அதிபரின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், செங்கோண முக்கோணத்தைப் பக்கத்துக் காணிக்கும் கேட்கிற மாதிரி நிறுவுவேன். மல்லிகா ரீச்சருக்கு மட்டும் விருது வர வழியே இல்லை. மலைநாட்டிலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்த குடும்பம் அவருடையது. படிப்பித்தது முதலாம் ஆண்டு. முதலாம் ஆண்டில் பரீட்சையும் இல்லை, பெறுபேறும் இல்லை, மூக்கொழுகுகிற பிள்ளைகள்தான். இடம்பெயர்ந்த வழியில் பேச்சைக் குறைத்துக்கொண்டவர்கள் அவர்களில் பலர். ரீச்சரின் சீலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்தால்தான் மற்றக் கை 'அ' எழுதும்.

என் செங்கோண முக்கோணம் ஒரு வெள்ளிக்கிழமை வென்றது. குட்டானைக் கையில் ஏந்தி நின்றேன். முதலாம் ஆண்டு மட்டும் மனதாரக் கை தட்டியது.

தேத்தண்ணிக் கொட்டிலில் மல்லிகா ரீச்சர் கேத்திலைப் பார்த்தபடி சொன்னார்: "திங்களில இருந்து நான் வரமாட்டன். நிவாரணக் கந்தோரில எழுதுற வேலைக்குக் கூப்பிடினம்."

"பனங்கட்டிக்காகவோ ரீச்சர்?" என்றேன். என் கேள்வியின் அழகைப் பாருங்கள்.

"கசப்பாக் குடிக்கலாம் சேர். ஒராள் இனிக்க இனிக்கக் குடிக்கிறதைப் பாத்துக்கொண்டு குடிக்கேலாது. தேயிலைத் தோட்டத்தில கூடுதலாக் கொழுந்து எடுத்தவளைக் காட்டிக் காட்டித்தான் எங்கட அம்மாவை ஏசினவங்கள். அதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

"பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

"கிழமையின்ர சிறந்த ஆசிரியர் பாக்கட்டும்."

கரைவலையில் கயிற்றில் கை வைத்த எல்லாருக்கும் பங்குண்டு. பலமாக இழுத்தவன் யார் என்று மீனைக் கேட்கிற வழக்கம் இல்லை. அந்த மீனைத் தின்றுதான் நான் சேர் ஆனவன். என் கை போய்க் குட்டானைக் கொதிக்கிற கேத்திலுக்குள் போட்டது.

"ஐயோ சேர், ஓலையோடயோ போடுறது!"

உரிக்க மறந்துவிட்டேன். ரீச்சர் அகப்பைக் காம்பால் ஓலையைத் தோண்டித் தோண்டி எடுத்தார். சிரித்துச் சிரித்தே சொன்னார்: "கணக்குச் சேருக்கு உரிக்கவும் தெரியாது, விருது வேற!" விஞ்ஞான சேர் கனநாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார்: "இது தேத்தண்ணியில்லை, ஓலைக்கூரை ஒழுக்கு." ஆனால் இனித்தது, எல்லாருக்கும்.

அந்த நேரம் பார்த்து அதிபர் உள்ளே வந்தார். ஒரு மிடறு குடித்தார், ஓலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தொலைந்தேன் என்றுதான் நினைத்தேன். அவருடைய முகம் மலர்ந்தது. "இதுதான் குழு மனப்பான்மை! என்ர திட்டத்தின்ர இரண்டாம் கட்டம்!" என்றார். இனி வெல்கிறவர் விருதைக் கேத்திலுக்குள் போட வேண்டும் என்று திங்கட்கிழமைப் பிரார்த்தனையில் அறிவித்தார். எப்படியோ, பழையபடி எல்லாருக்கும் தேத்தண்ணி இனித்தது. அதற்குப் பெயர் இப்போது முகாமைத்துவம்.

மல்லிகா ரீச்சர் அந்தத் திங்கள் வந்தார். சீலைத் தலைப்பில் ஒரு பிள்ளை தொங்கியது. "தேத்தண்ணிக்கு வந்தனான். உங்களுக்காக எண்டு நினைக்காதேங்கோ" என்றார்.

அடுத்த இடப்பெயர்வு எங்களை வேறு வேறு திசைக்கு அனுப்பியது. அவர் எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் போய்வந்த ஒருவர், கொட்டில் நின்ற இடத்தில் அடுப்புக்கல்லும் இல்லை என்றார். இப்போது எனக்கு நியமனம் உண்டு, சம்பளம் உண்டு. எங்கள் ஓய்வறையில் சீனி நிறைய இருக்கிறது. ஆளுக்கொரு போத்தலில், பெயர் எழுதி.

பட்டறையின் முடிவில் வளவாளர் என்னைக் கேட்டார்: "உங்கள் அனுபவத்தில் ஆசிரியரை ஊக்குவிப்பது எது?"

"தேத்தண்ணி" என்றேன்.

"சிற்றுண்டி வசதி" என்று பலகையில் எழுதிவிட்டு, எனக்கும் ஒரு ரொபி எறிந்தார். பக்கத்தில் இருந்த அதிபருக்குப் பாதி கொடுக்கலாம் என்று தாளை உரித்துப் பார்த்தேன். உடைக்க முடியாத அளவில் செய்திருந்தார்கள்.