அப்பாவின் வழக்கில் வந்த தீர்ப்பு

கோட்டுச்சேரியில் எங்கள் கொல்லை வழியாகப் பக்கத்து வீட்டார் நடப்பதை அப்பா தடுத்தது எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதத்தில். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அனுமதி கேட்டு நடந்த வழி எத்தனை வருடமானாலும் உரிமையாகாது என்று தீர்ப்பாயிற்று. சட்ட இதழில் அது அச்சானதும் நாளும் பக்க எண்ணும் குறித்து நோட்டில் ஒட்டிவைத்தேன்.

பத்து வருடம் கழித்து, தலத்தெருவில் அக்கா வீட்டுக்குப் போகும் பாதையை அண்டை வீட்டுக்காரர் வேலி போட்டு அடைத்தார். அத்தான் பக்கவாதத்தில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக ரிக்‌ஷா வாசலுக்கு வர அந்தப் பாதை ஒன்றுதான்.

வழக்குப் போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் அப்பாவின் தீர்ப்பையே எடுத்து வாசித்தார். அது தன்னைக் கட்டுப்படுத்தும் என்றார் நீதிபதி. அக்கா வீட்டார் அனுமதி கேட்காமலே நடந்தார்கள் என்று காட்டி, இந்த வழக்கு அதிலிருந்து வேறுபட்டால்தான் வழி உண்டு.

சாட்சி சொல்வதற்கு முந்தின நாளே அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

"யாரையும் கேக்காமத்தான் நடந்தோம்னு சொல்லிடுக்கா."

"நோட்டுல எல்லாம் சரியா எழுதுறவன், என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

கூண்டில் நின்ற அக்காவிடம், அனுமதி கேட்டு நடந்தீர்களா என்று நீதிபதி கேட்டார்.

"எங்க மாமியார் பக்கத்து வீட்ல கேட்டுட்டுத்தாங்கய்யா நடந்தாங்க" என்றாள் அக்கா.

தோற்றோம். அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக அத்தானை நாற்காலியில் உட்காரவைத்து, வாய்க்கால் கரையோடு நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கிப்போனோம்.

"சாமி புறப்பாடு மாதிரில்ல இருக்கு, மெதுவா போங்கடா" என்று குழறினார் அத்தான்.

அக்கா அவருக்குக் குடை பிடித்தபடி சேற்றில் நடந்தாள்.