ஏகாம்பரம் மலையேறி வந்த காலை

புளி ஏற்ற வந்த ஜீப்பின் ஓட்டுநர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். துணை சுகாதார நிலையத்தில் நான் ஒரு குழந்தையை எடை பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையைத் தாயிடம் கொடுக்கும்வரை வாசலிலேயே காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "நம்ம மலேரியாக்காரரு ஏகாம்பரம் போய்ட்டாருங்க சிஸ்டர். காமாலையாம். நேத்தே எடுத்துட்டாங்க." அதன்பிறகு நான் என்ன செய்தேன் என்பது மாலையில் நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முந்தைய குழந்தையின் எடையையே இந்தக் குழந்தைக்கும் எழுதியிருந்தேன்.

அவரோடு வேலை செய்த உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். புதூர்நாட்டுப் பக்கத்துக் குக்கிராமங்களில் வீடு வீடாகப் போய், காய்ச்சல்காரர்களின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சுவரில் தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டு நகரும் ஊழியர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். "ஜுரம் எல்லாம் பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ரத்தத்தைக் கேட்டாதான் இன்னா ஜுரம்னு சொல்லும்" என்பார். பேச்சு அதற்குமேல் போகாது. அவரோடு நான் நீண்டு பேசியது இரண்டே நாட்கள். அந்த இரண்டு நாட்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் துறை ஒரு சைக்கிள் கொடுத்திருந்தது. தடுப்பூசி மருந்து வாங்க அடிவாரம்வரை இறங்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் சரிவில் இறங்கும்போது கேரியரில் ஒரு பெரிய தழைக்கொம்பைக் கட்டித் தரையில் இழுத்தபடி போவார்கள்; அதுவே பாதி பிரேக். நானும் அப்படித்தான் போனேன். ஒரு மழைக்கால முடிவில், முன் பிரேக்கைப் பிடித்தால் கைப்பிடி நடுங்கத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு முழங்கைவரை அதிரும்படி. ஒரு திருப்பத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பாறையில் மோதி நின்றேன்.

அடிவாரத்தில் சைக்கிள் கடைக்காரர் இரண்டு முறை சக்கரத்தில் கோட்டம் எடுத்தார். மூன்றாம் முறை தார்ச்சாலையில் தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வண்டியில் ஒன்றுமில்லை, சிஸ்டருக்குத்தான் கை நடுங்குது என்றார். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சொல் எனக்கு முன்பே மலையேறிவிட்டது. அடுத்த ஊசி நாளில் ஒரு தாய் தன் குழந்தையின் தொடையை முந்தானையால் மூடிக்கொண்டு, "கை ஆடுதாமே நர்சம்மா, இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்றாள். அன்று ஏழு பேர் ஊசி போடாமலே திரும்பினார்கள். சைக்கிளை வேறு ஊழியருக்குக் கொடுத்துவிடலாம் என்று மேற்பார்வையாளர் எழுதினார். யாருமில்லாத நேரத்தில் நான் கையை நீட்டி வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். நடுங்குவதுபோலவே இருந்தது.

அந்த வாரம் ஏகாம்பரம் கண்ணாடித் துண்டுகளை ஒப்படைக்க வந்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. என் கையை அவர் பார்க்கவில்லை. சைக்கிளருகே குந்தி உட்கார்ந்துகொண்டு கேள்விகளாகக் கேட்டார். பிரேக் பிடித்தால் மட்டுமா? முன் பிரேக்கிலா, பின் பிரேக்கிலா? பிரேக் பிடிக்காமல் கல்லில் ஏறி இறங்கினால் கைப்பிடி தட்டுகிறதா? முன் பிரேக்கில் மட்டும்தான், கல்லில் ஒன்றும் இல்லை என்றேன். பிறகு முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தார். கைப்பிடித் தண்டு சட்டத்துக்குள் இறங்கும் இடத்தில் என் விரலை வைக்கச் சொன்னார். உள்ளே மெல்லிய ஆட்டம் ஒன்று விரலுக்குத் தெரிந்தது. அந்த இடத்தை ஸ்பானரால் இறுக்கினார். வாசலில் ஓட்டிப் பார்த்தோம், நடுங்கவில்லை. "இனிமே ஆடாதுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு மலை தாண்டியிருந்த ஊரில் தங்கப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் மருந்துப் பெட்டியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, சரிவின் தலைமாட்டில் இருக்கும் டீக்கடைவரை வந்துவிட்டேன். தழைக்கொம்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது குறுக்குப்பாதையில் ஒருவர் கையை ஆட்டியபடி ஏறி வந்தார். ஏகாம்பரம். செருப்பைக் கையில் பிடித்திருந்தார், முழங்கால்வரை சேறு. மூச்சு வாங்கி முடிக்கச் சிறிது நேரம் ஆனது.

"இறங்காதீங்க சிஸ்டர். நேத்து நான் சொன்னது தப்பு."

டீக்கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "தண்டுல ஆட்டம் இருந்தது நெசம். ஆனா அதுதான் காரணம்னா கல்லுலயும் தட்டியிருக்கணும். தட்டலன்னு நீங்க சொன்னீங்க. கேட்டுட்டு, அந்த ஒரு பதிலை நான் வுட்டுட்டேன். அப்புறம் நான் பாத்தது சமதரையில. நீங்க போறது சரிவுல."

பெட்டியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தானே வண்டியில் ஏறினார். தழைக்கொம்பு வேண்டாம் என்றார். டீக்கடைக்காரர் தடுத்தும் கேட்கவில்லை. முதல் இறக்கத்தில் போய் முன் பிரேக்கைப் பிடித்தார். மேலே நின்ற எங்கள் கண்ணுக்கே கைப்பிடி அதிர்வது தெரிந்தது. அவருடைய தோள்கள் குலுங்கின. காலைத் தரையில் தேய்த்து எப்படியோ நிறுத்தினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து, கடையிலிருந்தவர்களைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "எனக்கும் ஆடுதுங்க."

எனக்கு அழுகை வந்தது. மருந்துப் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக்கைப் பட்டும் படாமலும் பிடித்தார். சக்கரம் ஓர் இடத்தில் வழுக்கியது, ஓர் இடத்தில் தடுக்கியது. ரிம்மின் உள்விளிம்பில் விரலை ஓட்டி முகர்ந்தார். விளக்கெண்ணெய். நிலையத்து ஆயா காளியம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆயுத பூஜைக்குச் சைக்கிளைக் கழுவி, பொட்டு வைத்து, துரு பிடிக்காமலிருக்கச் சக்கரம் முழுக்க எண்ணெய் தடவியிருக்கிறாள். அதன்பிறகு வெள்ளிதோறும் அதே பூஜை. எனக்குச் செய்யும் உபகாரமாக நினைத்து என்னிடம் சொல்லவும் இல்லை. எண்ணெய் பட்ட இடத்தில் பிரேக் கட்டை வழுக்கும், காய்ந்த இடத்தில் கடிக்கும். வேகமான சரிவில் இந்த விடுவதும் பிடிப்பதும்தான் நடுக்கமாகியிருக்கிறது.

காளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "நல்ல மனசோடதான் தடவினீங்க. இனிமே செயினுக்கு மட்டும் தடவுங்க ஆயா. பொட்டு எங்க வேணா வைங்க" என்றார் ஏகாம்பரம். சாம்பலால் ரிம்மைத் தேய்த்து, என்னிடமிருந்த ஸ்பிரிட்டால் துடைத்தார். எண்ணெய் ஊறிய கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் சைக்கிளுக்கு மாற்றாகப் பையில் வைத்திருந்த கட்டைகளைப் பூட்டினார். இந்த முறை "ஆடாது" என்று சொல்லவில்லை. "மொத எறக்கத்துல மெதுவா புடிச்சுப் பாருங்க. ஆடினா நின்னுடுங்க. நான் இங்கதான் இருப்பேன்" என்றார். நான் இறங்கினேன். கைப்பிடி அசையவில்லை. மருந்தோடு திரும்பிய அன்றே, முந்தானையால் மூடிய அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தாள்.

திறமையானவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்துபோன ஒரு வேலையை இரவெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்து, ஒருவருமே குறை சொல்லாதபோது, "தப்பு" என்று சொல்வதற்காக மட்டும் இரண்டு மலை ஏறிவந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. நினைக்கும்போதெல்லாம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

அவர் இறந்த செய்தி வந்து மூன்றாம் நாள், ஒரு கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு, கால் வீக்கம்தான், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஓடைவரை வந்துவிட்டேன். வெளிச்சம் பார்த்தால் கண் கூசுகிறது என்று பேச்சோடு பேச்சாக அவள் சொன்னது அங்கே நினைவுக்கு வந்தது. கர்ப்பத்தில் இரண்டும் சேர்ந்து வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறியிருக்கலாம். வீக்கத்தோடு அதைச் சேர்த்து நான் பார்த்திருக்கவில்லை. திரும்பி நடந்தேன். அவள் வாசலில் நின்று, "இன்னா நர்சம்மா, எதுனா மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நான் சொன்னது தப்பா இருக்கும்போல. மறுபடியும் பாக்கணும்" என்றேன். சொல்வதற்குக் கடினமாகத்தான் இருந்தது. ஏகாம்பரத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த வாக்கியத்தைத்தான். அளந்து பார்த்தபோது அழுத்தம் ஏறித்தான் இருந்தது. அன்று மாலையே அவளை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.