மூஸா நெய்னாவுக்குக் கயிறு இரண்டாகத் தெரிந்தது

காயல்பட்டினத்து மூஸா நெய்னா வாய் ஓயாமல் பேசுவான். சங்கு குளிக்கத் தூத்துக்குடிக்குப் போனால், அவன் மூச்சடக்கித் தண்ணீருக்குள் இருக்கும் நேரம்தான் படகில் கொஞ்சம் அமைதி என்று பர்னபாஸ் சொல்வான். பர்னபாஸ் அவனுடைய கயிற்றைப் பிடிக்கிறவன். கீழே போனவன் சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். ஒருவன் தொழுகைக்குப் போகிறவன், மற்றவன் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன். வருடக்கணக்காக ஒருவன் உயிர் இன்னொருவன் கையில் இருந்ததில் அண்ணன் தம்பிபோல் ஆகியிருந்தார்கள்.

சங்கு குளிப்பவர்களுக்குக் காதில் சீழ் வடிவது புதிதல்ல. மூஸா நெய்னாவின் இடது காது சிறு வயதிலிருந்தே வடிந்துகொண்டிருந்தது. 1947 தை மாதத்தில் அது திடீரென்று நின்றது. "காது சொகமாயிட்டுலா!" என்று கரையெல்லாம் சொல்லித் திரிந்தான். சில நாளில் தலைவலி தொடங்கியது. விடியற்காலையில் மண்டையைப் பிளக்கும். குமட்டல்கூட இல்லாமல் சட்டென்று வாந்தி வரும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். குறைந்ததும் அவன் படகுக்குக் கிளம்பிவிடுவான்.

ஒரு நாள் நீருக்கு மேலே வந்தவன், படகிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டினான். கை காற்றைத்தான் பிடித்தது. மறுபடி நீட்டினான். அப்போதும் கிடைக்கவில்லை.

"ஏலே, என்னல வெளையாட்டு? கயிறு இந்தா தொங்குது!" என்று பர்னபாஸ் கத்தினான்.

"எந்தக் கயிறுல? ரெண்டுல்லா தொங்குது!"

பர்னபாஸ் சிரித்தான். அடுத்த நொடியே கடலில் குதித்து, அவனைக் கக்கத்தில் தாங்கிப் படகில் ஏற்றினான். மூஸா நெய்னாவின் இடது கண் மூக்குப் பக்கமாக ஒதுங்கிப்போயிருந்தது. "இனி ஒனக்கு நான் கயிறு புடிக்க மாட்டேன்" என்று சொல்லி, அன்றே அவனைக் காயலில் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

மனைவி குல்சும் அந்தக் கண்ணைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அவன் முகத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தான். "அழாதளா. ரெண்டு குல்சும் சேந்து அழுதா நான் யாரைன்னு தேத்துவேன்?"

மறுநாள் ரயிலேறி, நாசரேத்துப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் தேவதாசன் அறையை இருட்டாக்கி, சின்ன விளக்கு வைத்த கருவியால் இரண்டு கண்களுக்குள்ளும் நெடுநேரம் பார்த்தார். பிறகு குல்சுமையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"மண்டை ஓடு எலும்புப் பெட்டி, அது விரியாது. உள்ள மூளை இருக்கு, ரத்தம் இருக்கு, ஊறி ஊறி வடியுத தண்ணி இருக்கு. இதுல எது கூடினாலும் அழுத்தம் கூடும். சிலருக்கு அடிபட்டு உள்ள ரத்தம் கட்டும், சிலருக்குக் கட்டி வளரும். இவருக்குக் காதுச் சீழ் வெளிய வராம எலும்புக்குள்ள திரும்பியிருக்கு. தலைவலி, வாந்தி, கண்ணு ஒதுங்கினது எல்லாம் அதோட வேலைதான். கண் நரம்பும் வீங்கிட்டு. இப்படியே விட்டா பார்வை போயிரும்."

"கட்டியா இருக்குமோ ஐயா?" என்று குல்சும் கேட்டாள்.

"தொறந்து பாத்தாத்தாம்மா தெரியும்."

காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்தார்கள். மூளையில் கட்டி இல்லை. ஆனால் தலையிலிருந்து ரத்தம் இறங்குகிற பெரிய குழாயைச் சுற்றிச் சீழ், குழாயும் அடைத்திருந்தது. அதனால்தான் தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே தேங்கியது. சீழை வழித்தெடுத்து, அப்போதுதான் புதிதாக வரத் தொடங்கியிருந்த பென்சிலின் ஊசியைச் சென்னையிலிருந்து வரவழைத்துப் போட்டார்கள். சீழால் அடித்த காய்ச்சல் அடங்கியது. தலைவலி மட்டும் போகவில்லை.

"முதுகுத் தண்டுல ஊசி போட்டுத் தண்ணிய எடுக்கணும்" என்றார் டாக்டர்.

குல்சும் கட்டிலை மறித்துக்கொண்டாள். "காலு வெளங்காமப் போயிரும்னு சொல்லுதாங்களே!"

நர்ஸ் ஞானபாய் சாத்தான்குளத்துக்காரி. குல்சுமின் தோளைத் தொட்டு, "தண்டு நரம்பு முடிஞ்ச எடத்துக்குக் கீழதான் ஊசி எறங்குது, காலுக்கு ஒண்ணும் ஆகாது. நீ அவரு கையப் புடிச்சிக்க, நான் இங்கனயே நிக்கேன்" என்றாள். அவனைப் பார்த்து, "றாலு மாதிரி சுருண்டு படுங்க பாய். கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்றாள்.

ஊசி இறங்கியதும் பளிங்குபோன்ற தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்தது. மெல்லக் குறைந்து சொட்டுச் சொட்டாயிற்று. மூஸா நெய்னா கண்ணை மூடியபடி, "தலையில இருந்த பாறைய யாரோ எறக்கிட்டாங்க" என்றான். குல்சுமின் கையை அவன் விடவில்லை.

இரண்டு நாளில் வலி திரும்பி வந்தது. மறுபடி ஊசி. அதன் பிறகும் பல முறை. ஒவ்வொரு முறையும் வலி திரும்பி வரச் சற்றுக் கூடுதல் நாளானது. பர்னபாஸ் பொட்டலம் நிறைய மக்ரூன் இனிப்புடன் வருவான். வார்டு முழுக்க அதைப் பங்கு வைத்துவிட்டு மூஸா நெய்னா கடல் கதை சொல்லுவான். ஞானபாய் வந்து அதட்டுவதுபோல் நின்று, கதை முடிந்த பிறகுதான் போவாள்.

பங்குனியில் ஒரு காலை, குல்சும் கட்டிலின் எதிரே வந்து நின்றாள். "இப்ப எத்தன பேரு நிக்கேன்?"

அவன் உற்றுப் பார்த்தான். "ஒருத்திதான். அல்ஹம்துலில்லாஹ்" என்றான்.

பார்வை தப்பியது. இடது காது கேட்காமல் போனது. செவிப்பறை போய்விட்டது, இனி தண்ணீருக்குள் முங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த மூஸா நெய்னா பேச்சை நிறுத்திவிட்டான். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, உப்பு கூடிவிட்டது என்றும் சொல்லவில்லை. தலைவலிக்கு அஞ்சியதைவிட இதற்குத்தான் குல்சும் அதிகம் அஞ்சினாள்.

அவளே தன் தாய்மாமனிடம் போய்ப் பேசினாள். அவருடைய சரக்குத் தோணி கொழும்புக்குப் போய்வந்துகொண்டிருந்தது. சமையலுக்கு ஆள் தேவைப்பட்டது. முதல் பயணத்தில் மூஸா நெய்னா சோற்றைக் கருக்கினான். இரண்டாம் பயணத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுப் புளிக் குழம்பைப் பாயசமாக்கினான். ஆனாலும், கடலில் பேச்சு திரும்பிவிட்ட அவனைத் தோணிக்காரர்கள் விடவில்லை. அவன் பேசப் பேசக் கொழும்பு வந்துவிடுகிறது என்றார்கள். போகப் போகச் சமையலும் கைவந்தது.

ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் அடுப்படியும் அவனுடையதுதான். கோபம் வந்தால் குல்சும் அவனுடைய இடது காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்து, மனசில் உள்ளதையெல்லாம் கொட்டித் தீர்ப்பாள். அவனும் தலையை ஆட்டிக்கொண்டே மீன் அறுத்துக்கொண்டிருப்பான்.