கூரைவரை எழுப்பிய சுவர்

ஈரச் சீமெந்தின் மணம் வந்தால் இப்போதெல்லாம் நடையை எட்டிப் போடுகிறேன். கனடாவின் மொன்றியலில் கோடை வந்தால் கட்டட வேலைதான்; எந்தத் தெருவில் திரும்பினாலும் அந்த மணம்தான்.

மன்னாரில், பஸ் போகாத கிராமம் ஒன்றில் நான் படித்த ஆரம்பப் பாடசாலைக்கு, இங்குள்ள ஊர்க்காரர் நாங்கள் சேர்ந்து மூன்று வகுப்பறைகள் கட்டிக் கொடுத்தோம். வரைபடம் என்னுடையது; இங்கே கட்டடம் வரைவதுதான் என் தொழில். அரைச்சுவர் போதும் என்று பாடசாலை அதிபரான ரீச்சர் எழுதியிருந்தார். அரைச்சுவருக்குள் மழைச்சாரலில் நனைந்து படித்தவன் நான். இந்தப் பிள்ளைகளுக்கும் அதே ஏழ்மையா என்று கொதித்தேன். கூரைவரை சுவர் எழுப்பி, சின்னக் கண்ணாடி யன்னல்கள் வைக்கச் சொன்னேன்.

சென்ற கோடையில் அந்த அதிபர் இங்குள்ள தன் தங்கையைப் பார்க்க வந்தார். ஜான்-டலோன் மரக்கறிச் சந்தையில் என்னோடு நடந்தார்.

"பிள்ளையளுக்குப் புது வகுப்பு பிடிச்சிருக்கோ, ரீச்சர்?"

"நல்ல வடிவா இருக்குது, அண்ணை."

"நான் வடிவைக் கேக்கேல்லை."

அவர் ஒரு தக்காளியை எடுத்து, திரும்ப வைத்தார். "உள்ளுக்கு வெக்கையில பிள்ளையள் அவிஞ்சு போகுதுகள். ஒருத்தி மயங்கியும் விழுந்திட்டாள். இப்ப மரத்துக்குக் கீழதான் படிப்பு. இங்கயிருந்து ஆரும் பாக்க வந்தால் மட்டும் உள்ளுக்கு இருத்துவம்."

"ஏன் சொல்லேல்லை?"

"கட்ட முந்தியே சொன்னனான்தானே."

இந்த ஊரின் முப்பது வருடக் குளிர் என் கையைப் பிடித்து அந்த வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறது. நனைந்த சிறுவனின் வெட்கமும் கூடவே பிடித்திருக்கிறது. அந்த அறைகளை நான் எனக்காகத்தான் கட்டியிருக்கிறேன்.

மெத்ரோ நிலைய வாசலில் நின்று, "பாதிச் சுவரை இடிச்சுப்போடுவம், ரீச்சர்" என்றேன்.

"இடியுங்கோ, அண்ணை. இந்தமுறை எங்களைக் கேட்டுப்போட்டு இடியுங்கோ."