சம்பந்தி மேசையில் நெபியோலோ

பத்து வருடமாக என் கணவர் எல்லோரிடமும் நான் ஓர் இத்தாலிய ரெஸ்ரோரன்டில் மனேஜர் என்று சொல்லி வந்தார். நானும் மறுத்ததில்லை. உண்மையில் அங்கே நான் வைன் பார்ப்பவள். எந்தப் போத்தல் வாங்குவது, எந்தச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும், எது பழுதாகிவிட்டது என்பதை மணந்தும் சுவைத்தும் சொல்வதுதான் என் வேலை. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாதவள், சம்பளத்துக்கு வைன் சுவைக்கிறாள் என்பதை எங்கள் சனம் நிறைந்த ஸ்காபரோவில் யாரிடம் போய் எப்படிச் சொல்வது?

முதலில் நான் அங்கே சமையல்காரி. எங்கள் முதலாளி என்னைவிட நாலு வயது இளையவர். வட இத்தாலியில் பியமொந்தே என்ற மலைநாட்டுக்காரர். தன் ஊர் வைனைத் தவிர வேறெதையும் கடைக்குள் எடுக்கமாட்டார். ஒருநாள் மாட்டிறைச்சி வேகவைக்க ஒரு போத்தலைத் திறந்து தந்தார். சட்டிக்குள் ஊற்றப் போனவள் கையை நிறுத்திவிட்டேன். கனடாவுக்கு வந்த புதிதில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டின் ஈரக் காப்பெற் மணம் அதிலிருந்து வந்தது. சொன்னேன். அவர் வாங்கி மணந்து பார்த்தார். தக்கையிலிருந்து வரும் ஒரு பழுதாம் அது. அடுத்த கிழமை அவர் என் முன்னால் மூன்று கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்தார்.

டொல்செட்டோ, பார்பேரா, நெபியோலோ. மூன்றும் அவருடைய ஊர்ச் சிவப்புத் திராட்சைகள். டொல்செட்டோ என்றால் அவர்கள் மொழியில் குட்டி இனிப்பு என்று கருத்தாம். வைனில் இனிப்பைக் காணவே கிடையாது, குடித்து முடிய லேசான கசப்புத்தான் நிற்கும். பார்பேரா கறுத்துப்போய் இருக்கும், புளிப்புத் தூக்கல். தக்காளி போட்ட எதனோடும் சேரும். நான் ஒரு போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்து மீன்குழம்போடும் வைத்துப் பார்த்தேன். பழப்புளியும் அதுவும் சண்டை பிடிக்கவில்லை.

என்னை மடக்கியது நெபியோலோதான். மற்றத் திராட்சைகளை ஆய்ந்து முடித்தபிறகு, குன்றுகளில் மூடுபனி இறங்கும் நாட்களில்தான் அது பழுக்குமாம். கிளாஸில் பார்த்தால் பால் விடாத பிளேன் ரீ போல வெளிறிய நிறம். பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். இதென்ன தண்ணீர் கலந்துவிட்டார்களா என்று நினைத்து வாய்க்குள் விட்டால் நாக்கையும் பல்முரசையும் பிடித்து இழுக்கும். மணம் ரோசாப்பூவும், கோடையில் வீதிக்குப் போடும் தாரும். பரோலோ, பார்பரெஸ்கோ என்று உலகமெல்லாம் பெயரெடுத்த இரண்டு வைன்களும் இந்த ஒரு திராட்சையிலிருந்து வருபவைதான். விளையும் குன்றுகள் வேறு, அவ்வளவுதான்.

பிறகு முதலாளி என்னை மாலை வகுப்பு ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே படிப்பித்தவர் துவர்ப்பை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பாடுபட்டார். அது சுவை இல்லை, நாக்கு உலர்கிற ஓர் உணர்வு என்றார். பலர் தலையைச் சொறிந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு அது அறுசுவையில் ஒன்று, ஊர்ப் பேச்சில் கயர். வாழைப்பொத்தி அரிந்தவளுக்குக் கயர் என்றால் என்னவென்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இந்த நாட்டு வகுப்பறை ஒன்றில் நான் மற்றவர்களுக்கு முன்னால் நின்றது அன்றுதான் முதல்முறை. அந்தச் சந்தோசத்தை வெளியே சொல்ல முடியாமல் போனது எனக்குப் பெரிய மனவருத்தம்.

வேலையில் சுவைப்பதைப் பெரும்பாலும் துப்பிவிடுவேன். ஆனாலும் பஸ் ஏறமுன் இரண்டு கராம்பை வாயில் போட்டுக்கொள்வேன். தெரிந்த அன்ரிமார் யாராவது பக்கத்தில் வந்து இருந்துவிட்டால்? பிறந்தநாள் பார்ட்டிகளில் ஆண்கள் கராஜுக்குள் விஸ்கிப் போத்தலோடு நிற்பார்கள். என் கணவரும் நிற்பார், ஒருவருக்கும் ஒளிக்கமாட்டார். நான் உள்ளே பெண்களோடு ஜிஞ்சர் பியர் என்ற இஞ்சிச் சோடா குடித்துக்கொண்டிருப்பேன். விழுங்குகிறவருக்கு ஒளிப்பு மறைப்பு இல்லை, துப்புகிறவள்தான் ஒளித்துத் திரிய வேண்டும். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒருநாளாவது வாயைத் திறந்தேனா என்றால் இல்லை.

போன வருடம் மகள், தனக்கு ஒரு பொடியனைப் பிடித்திருக்கிறது என்றாள். விட்பியில் இருக்கும் குடும்பம், எங்கள் சமயம், நல்ல பிள்ளை. தாயார் சேர்ச்சில் செபமாலைக் கூட்டம் நடத்துகிறவர். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ரிச் கேக்கை எடுக்கப் போனவர், இதில் பிறண்டி விட்டிருக்கிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். எடுத்த துண்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அவர்களுடைய கார் எங்கள் தெருவைத் தாண்டமுன் நானும் கணவரும் முடிவெடுத்துவிட்டோம். கலியாணம் முடியும்வரை என் வேலையைப் பற்றி மூச்சுக்கூட விடக்கூடாது.

அதற்குப் பிறகு நாலு மாதம், கிழமைக்கு இரண்டு தடவை அந்த அம்மா ரெலிபோன் எடுப்பார். மண்டபம், சேலை, சாப்பாடு என்று தொடங்கி எங்கெங்கோ பேச்சுப் போகும். மனம்விட்டுப் பேசுகிற மனுசி. என் வேலையைக் கேட்டால் சரியான பிஸி என்பேன், கதையை மாற்றிவிடுவேன். மகளுக்கு இது பிடிக்கவில்லை. இதிலே என்ன வெட்கம் என்று கேட்டாள். உனக்கு விளங்காது என்று வாயை அடைத்தேன். என்னால் இந்தக் கலியாணம் குழம்பினால் அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பது? அந்தப் பயம் ஒன்றுதான் எனக்கு.

நிச்சயதார்த்தத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், வேலையில் நிற்கும்போது மகளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பொடியன் தன் பெற்றோரின் கலியாண நாளுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் ரெஸ்ரோரன்டுக்குத்தான் வருகிறான், சர்ப்ரைஸாம். நாங்கள் ஒளிப்பது அவனுக்குத் தெரியாது. மகள் என் வேலையைப் பற்றி அவனிடம் பெருமையாகத்தான் சொல்லி வைத்திருக்கிறாள். நான் மெசேஜை வாசித்து முடிக்கவில்லை, மூன்று பேரும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

குசினிக்குள் போய் ஏப்ரனைக் கழற்றினேன். மனேஜர் மாதிரிப் போய் நாலு வார்த்தை கதைத்துவிட்டு வருவோம், வைனை முதலாளி ஊற்றட்டும் என்று கணக்குப் போட்டேன். மேசைக்குப் போய் வாழ்த்துச் சொல்லி அரை நிமிடம் ஆகியிருக்காது. பொடியன் தகப்பன் பக்கம் திரும்பினான்.

"அப்பா, இங்கத்தை வைன் லிஸ்ட் முழுக்க அன்ரிதான் செய்யிறவ. ஷீ இஸ் தி எக்ஸ்பேர்ட்."

தாயார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தகப்பனுக்கு விசயம் ஒன்றும் பிடிபடவில்லை, நல்லதாக ஒன்று கொண்டுவரச் சொன்னார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒரு பார்பரெஸ்கோவை எடுத்து வந்தேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. போத்தலைத் திறந்ததும் ஊற்றுகிறவர் முதலில் ஒரு வாய் பார்ப்பார். பழுதில்லை என்றால்தான் விருந்தாளிக்கு ஊற்றுவது. என் மகளின் வருங்கால மாமியாருக்கு முன்னால் நின்று கிளாஸைத் தூக்கி வாய்க்குள் விட்டேன். அந்த இடத்தில் எங்கே துப்புவது? விழுங்கினேன்.

வைன் நன்றாக இருந்தது. வேறு மேசைகளில் ஆங்கிலத்தில் சொல்வதை அன்று முதல்முறையாகத் தமிழில் சொன்னேன். பார்க்கப் பிளேன் ரீ மாதிரி இருக்கும், ஏமாந்துவிடக்கூடாது, நன்றாகக் கயர்க்கும், இறைச்சியோடு சேர்ந்தால் அந்தக் கயர் அடங்கும் என்றேன். தாயார் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"நீங்கள் குடிக்கிறனீங்களோ?"

"ஓம். வேலைக்குச் சுவைச்சுத் துப்புறன். வீட்டிலையும் சில நேரம் ஒரு கிளாஸ் குடிக்கிறனான்."

அவர் மேசைவிரிப்பின் ஓரத்தைத் தடவினார்.

"நாலு மாசமா நாங்கள் கதைக்கிறம். என்ர தம்பி குடிச்சுக் குடும்பத்தைச் சீரழிச்சது, நான் அவனுக்காக அழுதது எல்லாம் உங்களுக்குச் சொன்னனான். ஒருத்தருக்கும் சொல்லாததை எல்லாம் சொன்னனான். நீங்கள் உங்கட வேலை என்னெண்டு கூடச் சொல்லேல்லை. நீங்கள் குடிக்கிறது எனக்கு ஒண்டுமில்லை. உதுக்காகப் பிள்ளையளின்ர கலியாணத்தை நான் குழப்புவன் எண்டு நினைச்சியள் பாருங்கோ, அதுதான் எனக்குச் சுட்டுப்போட்டுது."

திறந்து மணக்காமல் நான் எந்தப் போத்தலையும் பழுது என்று சொன்னதில்லை. இந்த மனுசியைப் பற்றி மட்டும் ஒரே நாளில் தீர்ப்பு எழுதிவிட்டேன். நாலு மாதம் அவர் தன் நெஞ்சைத் திறந்து காட்டியபோதும் அந்தத் தீர்ப்பை நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. என் பிழைதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் தன் கிளாஸை என் பக்கம் தள்ளி ஒரு சொட்டு விடச் சொன்னார். விட்டேன். வாயில் வைத்தார், முகம் சுருங்கியது.

"இந்தக் கயருக்கோ நாலு மாசம் பொய் சொன்னனீங்கள்?"

தகப்பனும் மகனும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை, கேள்வியாகத்தான் கேட்டார்.

கலியாணம் குறித்த நாளில் சிறப்பாக நடந்தது. எந்த வைன் வைப்பது என்று அவரே என்னைக் கேட்டார், எல்லோருக்கும் முன்னால் கேட்டார். என் கணவரும் இப்போது மனேஜர் கதையை விட்டுவிட்டார். அந்த அம்மா இன்றைக்கும் கிழமைக்கு இரண்டு தடவை ரெலிபோன் எடுக்கிறார். பிள்ளைகளைப் பற்றிக் கதைப்போம், சமையலைப் பற்றிக் கதைப்போம். தன் தம்பியைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.