மறையூருக்கு மேலே ஒரு சூடான சுவர்

சென்ற ஆனி மாதம் எட்டாம் தேதி, காலை ஐந்தே முக்கால் மணிக்கு, பாலக்காட்டில் என் வீட்டு வாசலில் நின்று நீண்ட யோசனைக்குப் பின் ஒரு முடிவுக்கு வந்தேன். குடையை எடுத்துக்கொள்வது, கம்பளியை விட்டுவிடுவது. இந்த முடிவு ஒரு தேயிலைத் தொழிற்சாலையையும் ஒரு மனிதரின் பிழைப்பையும் தொட்டது. அதனால்தான் மணியைக் குறிப்பிடுகிறேன்.

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். ஈரத்துணிக்குள் சூடு எப்படிப் போகிறது, ஈரம் எப்படி வெளியேறுகிறது என்று இரண்டு வருஷமாக ஆராய்ந்து வருகிறேன். வீட்டில் இதைத் துணி காயப்போடுவது என்பார்கள். மறையூருக்கு மேலே உள்ள ஓர் எஸ்டேட்டின் துரைக்கு எப்படியோ இது எட்டி, என்னை அழைத்துக் கடிதம் எழுதினார். தேயிலை உலர்த்தும் அடுப்பு, அதைச் செய்தவர்களின் புத்தகத்தில் சொன்னதைவிட அதிக விறகு தின்கிறதாம். காரணத்தை அளந்து சொல்ல வேண்டும்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு இப்போது ரயில் போட்டிருப்பது பெரிய உபகாரம். காலை ஏழுக்கு ஏறினால் வண்டி மாறி ஒரு மணிக்கு உடுமலைப்பேட்டை. கட்டணம் பதினான்கு அணா. இரவு சத்திரத்தில் தங்கி, மறுநாள் காலை நான்கு மணிக்கு மாட்டு வண்டி பிடித்தேன். மறையூர் வரை இருபத்தேழு மைல், மூன்று ரூபாய், வழியில் சின்னாற்றில் மாடு மாற்றுவது உட்பட.

வண்டிக்காரர் பழனியப்பன் என் மூட்டையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மலைக்குப் போறீங்க, கம்பளி எங்கீங்க?" என்றார். குடை இருக்கிறதென்றேன். "அதுஞ்சரிங்க" என்றார். அந்தச் சொல்லின் முழுப் பொருள் எனக்கு மறுநாள் மலையேறும்போதுதான் விளங்கியது.

சின்னாற்றில் திருவிதாங்கூர் சுங்கச் சாவடி. என் பெட்டியில் ஆறு உஷ்ணமானிகள் இருப்பதைக் கண்ட அதிகாரி, "பனி நோக்கானோ?" என்றார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். ஆமாம் என்றேன். யாருக்கு என்றார். ஓர் அடுப்புக்கு என்றேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, காய்ச்சல் எனக்குத்தான் என்று தீர்மானித்து, பெட்டியை மூடி, குடிக்க வெந்நீர் கொடுத்து அனுப்பினார். அரசாங்கத்திடமிருந்து நான் பெற்ற முதல் அன்பு அது.

மறையூர் வரை மழையே இல்லை, குடை பயன்படவில்லை. மறுநாள் ஒன்பது மைல் ஏற்றம், சுமையாளுக்கு எட்டணா. ஆறாவது மைலுக்கு மேல் மழை பக்கவாட்டில் பெய்தது, குடை பயன்படவில்லை. பகல் பன்னிரண்டரைக்குத் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது, நானும் என் கோட்டும் ஆராய்ச்சிக்குப் பொருத்தமான நிலையில் இருந்தோம்.

அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கம்; மனைவியும் நான்கு பிள்ளைகளும் லயத்தில், அதாவது கூலியாட்களின் வரிசை வீடுகளில். "கோட்டைக் குடுங்கய்யா. செவத்துல போட்டா, நீங்க கஞ்சி குடிச்சு முடிக்கதுக்குள்ள காஞ்சிரும்" என்றார். அடுப்பிலிருந்து சூடான காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய் அந்தச் சுவரின் உட்பக்கம் ஓடுகிறது. வெளிப்பக்கம், தாழ்வாரத்தில், கொழுந்து பறிக்கும் பெண்களின் கம்பளிகள் வரிசையாகத் தொங்கின. மத்தியானக் கஞ்சி நேரத்தில் வந்து ஈரத்தைப் போட்டு, காய்ந்ததை எடுத்துப் போகிறார்கள். பேச்சியம்மாள் என்பவர் என் கோட்டை ஒரு சாண் தள்ளிவைத்தார். "இது எங்க எடம்யா. கொடையப் பிடிச்சிக்கிட்டு மலையேறுனவுக, கோட்டையும் கொடைக்குள்ளயே காய வையுங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோட்டு அரை மணியில் காய்ந்தது. நன்றியுடன் போட்டுக்கொண்டு, சூடு எங்கே போகிறது என்று தேடப் போனேன்.

தேயிலைத் தயாரிப்பு மேற்பார்வையாளர் மாலையில் விஷயத்தைச் சொன்னார். கூடுதல் விறகைச் சுடலைமுத்துதான் லயத்துக்குக் கடத்துகிறார் என்று துரை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார். என் அறிக்கை வந்ததும் கணக்கை முடித்துக் குடும்பத்தோடு ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான்.

மூன்று நாள் விறகை எடைபோட்டேன். புகைபோக்கியில், குழாயில், தேயிலையில் உஷ்ணமானி வைத்தேன். விறகின் சூட்டை நூறு பங்கென்று வைத்தால், தொண்ணூற்று மூன்றுக்குக் கணக்கு வந்தது. ஏழு பங்கைக் காணோம். அந்தச் சுவரைத் தினம் நான்கு முறை கடந்துதான் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிப்பு இல்லை. சனிக்கிழமை இலை மட்டும் உலர்ந்தது. அன்று காணாமல் போனது இரண்டே பங்கு. சுவர் வெறுமையாக இருந்தது.

திங்கட்கிழமை கம்பளிகளை எடைபோட்டேன். அறுபத்திரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு ராத்தல் தண்ணீர். இரண்டு வருஷம் நான் அளந்துகொண்டிருந்தது இதைத்தான். கம்பளி என்பதால் அடையாளம் தெரியவில்லை.

இதை முன்பே ஏன் துரையிடம் சொல்லவில்லை என்று சுடலைமுத்துவைக் கேட்டேன். அவர் அடுப்புக்குள் கட்டை ஒன்றைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "சொன்னா செவத்த மூடிருவாகய்யா. சொல்லலைன்னா நான் ஒருத்தந்தான் கள்ளன்."

அறிக்கையில் பொய் எழுதக் கூடாது என்பது என் துறையின் விதி. எழுதவில்லை. சூடு போகும் வழிகளை வரிசைப்படுத்தி, 'உலர்த்தல், ஒன்று', 'உலர்த்தல், இரண்டு' என்று இரண்டு வரி போட்டேன். இரண்டாவதற்கு நேரே, மழைக்காலத்தில் ஐந்து பங்கு. விறகு முழுவதும் அடுப்புக்குள்ளேதான் எரிந்தது என்று கீழே கையெழுத்திட்டேன்.

துரை இரண்டு முறை படித்தார். "இந்த இரண்டாவது உலர்த்தல் இல்லாமல் தேயிலை நடக்குமா?" என்றார். மழைக்காலத்தில் நடக்காது என்றேன். எழுந்து கைகுலுக்கினார். சுடலைமுத்து அந்த வாரமும் அடுப்பருகில் இருந்தார், அடுத்த வாரமும்.

போக நினைப்பவர்களுக்கு: உடுமலையில் பழனியப்பனின் வண்டியைக் கேளுங்கள், அவர் சொல்வதையும் கேளுங்கள். மறையூரில் அரிசி கிடைக்கும், மேலே கிடைக்காது. சின்னாற்றில் உஷ்ணமானியை மேலாக வைத்தால் உபசரிப்பு நன்றாக இருக்கும். திரும்பும்போது பேச்சியம்மாள் தம் பழைய கம்பளி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ஊர் வரை நனையவில்லை. குடையை அவரிடமே விட்டுவந்தேன்; அதில் கோழி அடைகாக்கிறதாம்.

சென்ற மாதம் எஸ்டேட்டிலிருந்து ஒரு வரைபடம் வந்தது. இரண்டு மைல் கீழே இன்னொரு தொழிற்சாலை கட்டுகிறார்கள். அதில் 'உலர்த்தல், இரண்டு' என்று குறித்து, லயத்தைப் பார்த்த பக்கம் முப்பதடிச் சுவர் ஒன்று போட்டிருக்கிறார்கள்.