முற்றமா, அறையா?

சுவர் இடுப்பளவு வந்திருந்தது. ஸ்டெல்லா டீச்சர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் சித்தாள்; தலையில் கலவைச் சட்டி. நிறுத்தச் சொன்னவர் இறக்கச் சொல்லவில்லை.

நேமத்தான்பட்டி ரோட்டில் டீச்சரும் அவர் கணவரும் கட்டிய வீடு அது. கரண்ட்டை நம்பாமல் குளுமையாக இருக்கட்டும் என்று, பிளான் போட்ட இன்ஜினியர் பொண்ணு நடுவில் திறந்த முற்றம் விட்டிருந்தது. சுவருக்குள் இடைவெளி விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டு வேறு. செங்கல் மிச்சம், கொத்தனாருக்கு வேலை இழுக்கும்.

"உள்ள எலி மாட்டுமா?" என்று அந்தப் பொண்ணிடம் கேட்டிருந்தேன்.

"வெயில்தான் மாட்டும், அப்பத்தா."

டீச்சருக்குக் கவலை வேறு. படுத்த படுக்கையான தன் அம்மாவைக் கோடைக்குள் அழைத்து வர வேண்டும். பிளானில் தெரியாதது சுவர் எழும்பியதும் தெரிந்தது: அம்மாவுக்கு அறை இல்லை.

"முற்றத்த மூடி ரூம் போடுங்க. ஏசி மாட்டிக்கிறோம்."

"மூடுனா வீடு பூராம் வேகும் மேடம். அம்மா ஹால்லயே படுக்கட்டும், காத்து நல்லா வரும். கரண்ட்டு போனா ஏசி என்ன செய்யும்?"

இரண்டும் நியாயம்தான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"படுக்கப்போறது நீங்களும் இல்ல, இந்தப் புள்ளையும் இல்ல. அவுகளக் கேட்டீகளா?"

டீச்சர் அங்கேயே போன் போட்டார். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் கேட்டது.

"குளுமையெல்லாம் சரித்தா. வாரவன் போறவன் பாக்க நடு ஹால்ல துணி மாத்தவா? வெந்தாலும் கதவுக்குள்ள வேகுறேன்."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பொண்ணு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து பிளானைத் திருத்தியது. முற்றம் பாதியானது. மீதியில், முற்றத்தைப் பார்த்துக் கதவு வைத்து ஓர் அறை.

"காத்து கொறையும் மேடம். மத்தியானம் ஹால் சுடும்."

"நாங்க தாங்கிக்கிறோம்," என்றார் டீச்சர்.

கட்டிய சுவரில் ஒன்றைப் பிரித்தோம். குளுமைக்கும் விலை உண்டு. அதை ஒரே ஆள் தலையில் ஏற்றக் கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கலவை சுமக்கிறவளுக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும்.

வீடு முடிந்து அவர்கள் குடிவந்த பிறகு, சித்திரை வெயிலில் பார்க்கப் போனேன். ஹாலில் டீச்சரின் கணவர் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க வாயாலதான் அப்பத்தா நான் வேகுறேன்."

"வேகுங்க, வேகுங்க. பதமா வெந்ததும் சொல்லுங்க, எறக்கிருவோம்."

உள்ளே, தன் அறையில் அம்மா முற்றத்துக் காற்றில் படுத்திருந்தார். கதவு விரியத் திறந்து கிடந்தது.

"கதவு கேட்டு அம்புட்டுச் சண்ட போட்டீக. இப்பத் தெறந்து போட்டுருக்கீக?"

அவர் சிரித்தார். "கதவு இருந்தாத்தானடி தெறந்து போடலாம்?"